பத்தாயமும் வாசல் நிலையும்: ஓர் ஆய்வுக் கேள்வியை நூலக நாற்காலியிலிருந்து துரத்துவது எப்படி

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு டிசம்பர் 1 அன்று, எய்ட்ஸ் தினத்துக்காக என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். எலைசா என்ற ரத்தப் பரிசோதனையின் தட்டில் மஞ்சள் ஏறுகிறதா என்று பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. எச்.ஐ.வி. பற்றிப் பேச என்ன தயாரிப்பு வேண்டும் என்று வீறாப்பாகப் போய் நின்றேன்.

வைரஸ் எப்படி செல்லின் உட்கருவுக்குள் போகிறது என்பதை விளக்க எங்கள் ஊர்ப் பத்தாயத்தைத் துணைக்கு அழைத்தேன். நெல் கொட்டிவைக்கும் அந்த மரப்பெட்டி வாசல் நிலைக்குள் முழுதாக நுழையாது. பலகை பலகையாகக் கழற்றி உள்ளே கொண்டுபோய்த்தான் பூட்டுவார்கள். "வைரஸும் அப்படித்தான். கேப்சிட் என்ற கூம்பு வடிவப் புரத உறை வெளியிலேயே கழன்றுவிடும். உள்ளேயுள்ள மரபுப் பொருள் மட்டும் உட்கருவின் துளை வழியாகப் போகும்" என்றேன். நல்ல கைதட்டல்.

டீ குடிக்கும்போது நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அம்மா, அது பழைய கதைம்மா. இப்ப கேப்சிட் முழுசாவே உள்ள போகுதுன்னு சொல்றாங்க" என்றாள்.

"யார் சொல்றாங்க?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

பேப்பர் என்று அவள் சொன்னது ஆய்வுக் கட்டுரையை. எந்தப் பேப்பர் என்று அவளுக்கும் தெரியவில்லை. எனக்கோ மானம் போன மாதிரி இருந்தது. அடுத்த மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் நூலகக் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் பேப்பரைத் தேடினேன். அப்படித் தேடியபோது கைக்கு வந்த பழக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கேள்வி நெல் பூச்சியாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், வழி இதேதான்.

முதலில், கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள், முடிந்தால் அதில் ஓர் எண் இருக்கட்டும். "எச்.ஐ.வி. பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று உட்கார்ந்தால் அன்றைக்கே தலைவலிதான். நான் நோட்டில் எழுதிய வரி இது: "கேப்சிட்டின் அகலம் ஏறத்தாழ 60 நானோமீட்டர், உட்கருத் துளையின் அகலம் ஏறத்தாழ 40 என்று படித்திருக்கிறேன், 60 எப்படி 40க்குள் போகும்?" இதற்குப் பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பத்தாயம் கழன்றிருக்க வேண்டும், அல்லது யாரோ வாசலைத் தப்பாக அளந்திருக்க வேண்டும். இப்படி முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு எண்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது எங்கே தேடுவது. கூகுளில் நேராகத் தேடினால் மருத்துவமனை விளம்பரமும் யூடியூப் வைத்தியரும்தான் முதலில் வந்து நிற்பார்கள். பப்மெட் என்ற தளத்துக்குப் போங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, காசு கிடையாது. தேடுசொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்: எச்.ஐ.வி., கேப்சிட், நியூக்ளியர் இம்போர்ட். மூன்றே சொல் போதும். ஐந்தாறு சொல் போட்டால் வலை இறுகி நல்ல மீனெல்லாம் நழுவிவிடும்.

முடிவுகள் வந்ததும் கட்டுரைகளுக்குள் பாயாதீர்கள். இடது பக்கத்தில், எந்த வருடம் எத்தனை கட்டுரை என்று சின்னச் சின்னத் தூண்களாக ஒரு வரைபடம் இருக்கும். ஓர் ஆய்வுத் துறையின் போக்கை அறிய முதலில் பார்க்க வேண்டியது அது. தூண்கள் எப்போது உயர்கின்றன என்று பார்த்துவிட்டு, அந்தந்தக் காலத்துத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள், உள்ளே போக வேண்டாம். எந்தச் சொல் எப்போது புழக்கத்துக்கு வந்தது, எது காணாமல் போனது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் குறித்தது இப்படி இருந்தது. 1990களின் தலைப்புகளில் மேட்ரிக்ஸ், வி.பி.ஆர்., இன்டெக்ரேஸ் என்ற வைரஸ் புரதங்கள்தான் கதாநாயகர்கள். இவற்றில் ஏதோ ஒன்றுதான் உட்கருவுக்குள் போக அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறது என்று நம்பினார்கள். 2000ஐ ஒட்டி டி.என்.ஏ. ஃபிளாப் என்ற பெயர் தலைகாட்டுகிறது. 2004க்குப் பிறகு கேப்சிட் மெல்ல மேடையேறுகிறது. 2008இலிருந்து மனித செல்லின் புரதப் பெயர்கள் கூட்டமாக வருகின்றன: டி.என்.பி.ஓ.3, நப்358, நப்153, சி.பி.எஸ்.எஃப்.6. 2020 தாண்டியதும் தலைப்புகளில் "இன்டாக்ட்", அதாவது சிதையாத, என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே லெனகாபவிர் என்ற மருந்தின் பெயரும். ஒரு கட்டுரைகூடத் திறக்காமல் முப்பது வருடக் கதையின் எலும்புக்கூடு கையில் இருந்தது. நான் மேடையில் சொன்னது எந்த வருடத்துக் கதை என்பதும் புரிந்துவிட்டது. என் பாடப்புத்தகம் 2000ஐத் தாண்டவில்லை.

சரி, இனி படிப்பது. ரிவ்யூ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதை அழுத்தி, மிக அண்மையில் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரையை மட்டும் எடுங்கள். அதை முழுக்கப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். "முன்பு இப்படி நினைத்தார்கள், ஆனால்" என்ற தோரணையில் வாக்கியம் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். அந்த "ஆனால்"களுக்குப் பின்னால் அடைப்புக்குள் இருக்கும் எண்கள்தான் நீங்கள் படிக்க வேண்டிய மூலக் கட்டுரைகள். எனக்கு ஆறு கிடைத்தன. ஆறுதான். அறுநூறைப் பார்த்து மிரண்டுபோயிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

மூலக் கட்டுரையை மேலிருந்து கீழே படிப்பது வீண். சுருக்கத்தை ஒருமுறை பாருங்கள், உடனே படங்களுக்குப் போங்கள், பிறகு செய்முறைப் பகுதி. ஆய்வாளர்களின் கருத்துரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். லேப்பில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்லவில்லை. கருத்துரையில் யாரும் சாமர்த்தியமாகப் பேசலாம், செய்முறையில் பேச முடியாது. எந்த செல், எத்தனை மணி நேரம், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் நிற்கும்.

உதாரணத்துக்கு இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன், இவற்றில்தான் நான் அதிக நாள் கிடந்தேன்.

முதலாவது 2004இல் யமஷிதா, எமர்மன் இருவரும் வெளியிட்டது. பின்னணி இதுதான்: எலிகளைத் தாக்கும் எம்.எல்.வி. என்ற வைரஸும் எச்.ஐ.வி.யைப் போலவே ரெட்ரோவைரஸ் வகைதான், ஆனால் அது செல் பிரியும்வரை காத்திருக்கும். அப்போது உட்கருவின் சுவரே கரைந்துவிடுவதால் வாசல் பிரச்சினை கிடையாது. எச்.ஐ.வி. காத்திருப்பதில்லை, பிரியாத செல்லிலும் புகுந்துவிடுகிறது. இது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். இவர்கள் செய்தது, எச்.ஐ.வி.யின் கேப்சிட்டை எடுத்துவிட்டு எம்.எல்.வி.யின் உறையைப் பொருத்தியது. அந்த ஒட்டுவைரஸ் பிரியாத செல்களில் வலுவிழந்துபோனது. அப்படியானால் பூட்டைத் திறக்கும் சாவி கேப்சிட்டில்தான் இருக்கிறது! ஆனால் கேப்சிட் வெளியிலேயே கழன்றுவிடுகிறது என்றல்லவா நினைத்தோம்? வாசலில் கழற்றிப் போட்ட பலகையா உள்ளே வழிகாட்டும்? நோட்டில் இந்த இடத்தில் மூன்று கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது 2021இல் செல் என்ற இதழில் வந்தது, ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் குழுவினர் செய்தது. பாதிக்கப்பட்ட செல்லைச் சட்டென்று உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமாக அடுக்கியிருக்கிறார்கள். அதில் தெரிந்தது, கூம்பு கூம்பாகவே, குறுகிய முனை முன்னால் நீட்டியபடி, துளைக்குள் நிற்கும் காட்சி. பலகை எதுவும் கழலவில்லை. என் 60க்கும் 40க்கும் விடை அதே கட்டுரையில் இருந்தது. 40 என்ற அளவு, உட்கருச் சுவரைத் தனியே பிரித்தெடுத்து வைத்து அளந்தது. பிரித்தெடுத்ததும் துளை சுருங்கிவிடுகிறது. செல்லுக்குள் இருந்தபடியே அளந்தால் ஏறத்தாழ 64. வீட்டிலிருந்து நிலையைப் பெயர்த்து, வெயிலில் காயவைத்து அளந்த கதைதான். அன்று நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிரே போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் முறைத்தான்.

எண் ஒன்றைப் பார்த்தால் "எதில் அளந்தது, எந்த நிலையில் அளந்தது" என்று கேளுங்கள் என்று நான் இப்போது வாசகர் வட்டத்தில் ஓயாமல் சொல்வது இதனால்தான். இரண்டு எண்ணுமே பொய்யில்லை.

முக்கியமான கட்டுரை ஒன்று கைக்கு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு இரு திசையிலும் நடக்க வேண்டும். பின்னால் போக அதன் அடிக்குறிப்புகள் இருக்கின்றன. முன்னால் போக, கூகுள் ஸ்காலரில் அந்தத் தலைப்பைத் தேடினால் கீழே "சைட்டட் பை" என்று ஒரு சொடுக்கு இருக்கும். அதற்குப் பிறகு இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு முடிவு நிலைத்ததா, யாராவது உடைத்தார்களா என்பதை அங்கேதான் பார்க்கலாம். 2021இலிருந்து அப்படி முன்னால் நடந்தபோது கிடைத்தவை இரண்டு.

2024 ஜனவரியில் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள், ஒன்று ஜெர்மனியின் கோட்டிங்கன், இன்னொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி, ஒரே சமயத்தில் ஒரே மாதிரி முடிவைச் சொல்லியிருந்தன. உட்கருத் துளை காலி ஓட்டை இல்லை. உள்ளே எஃப்.ஜி. நப் என்ற புரத இழைகள் களி மாதிரி அடைத்துக் கிடக்கின்றன. பெரிய சரக்கு எதுவும் தானாகப் போக முடியாது, கேரியோஃபெரின் என்ற புரதம் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். கேப்சிட்டோ அந்த அழைத்துப்போகும் ஆளைப் போலவே நடந்துகொள்கிறது. அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 1,500 புரத மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் எஃப்.ஜி. இழையைப் பிடிக்கும் ஒரு பள்ளம். களிக்குள் தானே நழுவிப் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் நிற்பவரிடம் யாருடைய உறவு என்று கேட்பார்கள். சரக்கறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருபவரை யார் கேட்பது?

அப்புறம் 2025இல் செல் இதழிலேயே இன்னொன்று: கேப்சிட் நுழையும்போது சில துளைகளின் வளையச் சட்டமே விரிசல் விடுகிறதாம். பத்தாயம் முழுதாக உள்ளே போயிற்று, நிலை பிளந்துகொண்டது!

அப்படியானால் பத்தாயம் எப்போதுதான் கழல்கிறது? 2020இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகச் சொல்லின: உட்கருவுக்குள் போன பிறகே. ஒரு குழு வாசலைச் சாத்தும் தந்திரம் செய்தது. துளைப் புரதமான நப்62ஐ, ஒரு மருந்து பட்டதும் ஒன்றோடொன்று கூடி அடைத்துக்கொள்ளும்படி மாற்றிவைத்தார்கள். வைரஸ் ஏறிய பிறகு வெவ்வேறு நேரத்தில் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார்கள். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதி முடிக்கும் முன்பே உள்ளே போய்விட்டிருந்தது. அந்த எழுத்து வேலை கேப்சிட்டுக்குள் நடக்கிறது, முடிவது உட்கருவில். நான் பாடத்தில் படித்த வரிசை தலைகீழ். இதற்குச் செய்முறைப் பகுதியை மூன்று முறை படித்தேன். நேர வரைபடத்தை நோட்டில் கையால் வரைந்த பிறகுதான் பிடிபட்டது. புரியாத படத்தைக் கையால் வரைந்து பாருங்கள், வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

சந்தேகப்படவும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் மூன்று குழுக்கள், எச்.ஐ.வி.க்கு மனித செல்லின் எந்தெந்த மரபணுக்கள் தேவை என்று ஒவ்வொன்றாக மட்டுப்படுத்திப் பார்த்து, ஆளுக்கு 200க்கு மேல் பட்டியலிட்டன. மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் மூன்றிலும் இருக்கும் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. இதை அலசியே 2009இல் ப்ளாஸ் பேத்தோஜென்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரே பட்டியலைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளில் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதே சமயம் அந்தப் பட்டியல்களில் தலைகாட்டிய டி.என்.பி.ஓ.3, நப்358 போன்றவை பின்னாளில் நிலைத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ப்ளாஸ் என்பதன் விரிவு பப்ளிக் லைப்ரரி ஆஃப் சயன்ஸ். பெயரைக் கேட்டு, இது எந்த ஊர் நூலகம், உறுப்பினர் சந்தா எவ்வளவு என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் விசாரித்தார். கட்டடம் கிடையாது, அது ஒரு பதிப்பகம். 2000ஐ ஒட்டி ஹெரால்டு வார்மஸ், பேட்ரிக் பிரவுன், மைக்கேல் ஐசன் மூவரும், ஆய்வுக் கட்டுரைகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார்கள். ஏறத்தாழ 34,000 விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டார்கள். பதிப்பகங்கள் பெரிதாக அசையவில்லை. சரி, நாமே நடத்துவோம் என்று 2003இல் ப்ளாஸ் பயாலஜியைத் தொடங்கினார்கள். 2005இல் பேத்தோஜென்ஸ், 2006இல் ப்ளாஸ் ஒன். படிப்பவருக்குச் செலவில்லை, பெரும்பாலும் கட்டுரை எழுதுபவரின் தரப்பு கட்டணம் கட்டும். அந்தக் கட்டணம் ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குப் பெரும் பாரம் என்ற புகாரில் எனக்கும் உடன்பாடு உண்டு. நமக்கு ஆதாயமான ஒன்று, அவற்றின் உரிமம். பெயர் சொல்லிவிட்டு மொழிபெயர்க்கலாம், படத்தை எடுத்தாளலாம். வாசகர் வட்டத்துக்காக நப்153 பற்றிய 2013ஆம் வருடக் கட்டுரையின் ஒரு படத்துக்குத் தமிழில் குறிப்பெழுதி ஒட்டியிருக்கிறோம், யாரிடமும் கெஞ்சத் தேவையிருக்கவில்லை.

பூட்டிய கட்டுரைகளை என்ன செய்வது? முதலில் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள். பப்மெட்டிலேயே "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்று வடிகட்டினால் வந்துவிடும். இல்லையென்றால் பயோஆர்கைவ் என்ற முன்பதிப்புத் தளத்தில் அதே கட்டுரையின் முந்தைய வடிவம் இருக்கலாம். முன்பதிப்பு என்றால் சக ஆய்வாளர்கள் சரிபார்க்காதது, அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஆயிரக்கணக்கான இதழ்கள் அவர்கள் கல்லூரி வழியாகத் திறக்கின்றன. எதுவும் நடக்கவில்லையா? கட்டுரையில் தொடர்புக்கு என்று மின்னஞ்சல் முகவரி இருக்கும் ஆசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். நான் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், வாசகர் வட்டத்துக்காகப் படிக்கிறேன் என்று எழுதினேன். இரண்டாம் நாள் கோப்பு வந்தது, கூடவே "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று ஒரு வரி. மூன்று பேருக்கு எழுதினேன், இருவர் பதில் போட்டார்கள். மோசமில்லை.

கட்டுரையைத் திறந்ததும் மேலே "ரிட்ராக்டட்" என்று பட்டை இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் போலக் கொடுமை கிடையாது, ஒருமுறை வேறொரு தலைப்பில் எனக்கு நடந்தது.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்பக்கம் வருடம், அடுத்து என்ன கேட்டார்கள், எப்படிச் செய்தார்கள், என்ன கண்டார்கள், கடைசியில் எனக்கு எங்கே இடிக்கிறது. ஒரு கட்டுரைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போனால் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை, பார்த்து எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். உட்கரு, புரதம் எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. கேப்சிட்டை கேப்சிட் என்றே வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவும் எதற்கு, ஒரு வைரஸ் எந்த வாசலில் எப்படி நுழைந்தால் நமக்கென்ன என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முடிவுச் சீட்டை எழுதிக் கொடுப்பதைத் தவிர எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கேப்சிட்டில் நப்153, சி.பி.எஸ்.எஃப்.6 இரண்டும் பிடித்துக்கொள்ளும் அந்தப் பள்ளம் இருக்கிறதல்லவா, லெனகாபவிர் உட்காருவது அதே இடத்தில். தொற்று வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. 2024இல் வெளிவந்த சோதனை முடிவில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அந்தப் பூஜ்யத்தை நான் கட்டுரையின் அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் மறுபடி எழுந்து, டிசம்பரில் சொன்னது தப்பு என்று சொல்லி, கரும்பலகையில் 40ஐ அடித்து 64 என்று எழுதினேன். அந்தப் பெண் முதல் வரிசையில் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் வந்து, "அந்த விரிசல் பேப்பர்ல எந்த செல்லை எடுத்தாங்கம்மா, டி செல்லா, மேக்ரோஃபேஜா?" என்று கேட்டாள். இரண்டுமே எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு செல்கள். நோட்டைப் புரட்டி மேக்ரோஃபேஜ் என்று காட்டினேன். "அப்ப டி செல்லுல?" என்றாள். நோட்டையும் பென்சிலையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். இப்போது ஏப்ரல் மாதப் பேச்சு அவளுடையது.